வர்தவார்: பேரில் ரோஜா, கையில் வாளி

கோடையில் ஒரு ஞாயிறு, ஆர்மீனியாவில் யார் மேல வேணும்னாலும் வாளித் தண்ணியை ஊத்தலாம். போலீஸ்காரரும் தப்ப முடியாது, கோபப்படவும் கூடாது. அதுதான் வர்தவார்.

திருச்சபைக் கணக்குப்படி இது இயேசு மலைமேல் மறுரூபமான திருநாள். ஈஸ்டரிலிருந்து 98ஆம் நாள்: 2024-ல் ஜூலை 7, 2025-ல் ஜூலை 27. ஆனா அந்த மலைக்காட்சியில் தண்ணியே கிடையாதே!

4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கிறிஸ்தவம் அரச மதமானது. அதற்கு முன்பு, காதலுக்கும் நீருக்கும் உரிய அஸ்த்கிக் தேவிக்கு ரோஜா படைத்த விழா இது என்பது மரபு. ‘வர்த்’ என்றால் ரோஜா. சிலர் அந்தப் பேரை, தண்ணீரைக் குறிக்கும் பழைய சொல் ஒன்றோடு இணைக்கிறார்கள்.

எனக்குப் படுவது இதுதான்: தேவி போயாச்சு, காரணமும் மாறியாச்சு. வாளியை மட்டும் யாரும் கீழே வைக்கலை.