'ரோக்லைக்', 'சோல்ஸ்லைக்'... கேம் லேபிளை நம்பி காசு போடலாமா?

ஸ்டீமில் ஆஃபர் ஓடுது. ஒரு கேமைத் திறந்தா 'ஆக்‌ஷன், அட்வென்ச்சர், ரோக்லைக்' என லேபிள்கள் வரிசைகட்டி நிற்கும். இதுல எதைப் பார்த்து வாங்குறது?

'ரோக்லைக்'கையே எடுத்துக்குவோம். 1980-ல் வந்த 'ரோக்' என்ற கேமின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. எழுத்துகளையும் குறியீடுகளையும் வைத்தே வரைந்த ஒரு பாதாளச் சிறை. ஒவ்வொரு முறையும் அதன் வழிகள் மாறும். செத்தா முதல்லேருந்துதான்! 2008-ல் பெர்லினில் கூடிய டெவலப்பர்கள், ரோக்லைக்குக்கு என்னென்ன அம்சங்கள் இருக்கணும்னு ஒரு பட்டியலே போட்டார்கள். நாம ஒரு அடி வச்சா எதிரி ஒரு அடி வைக்கணும் என்பதும் அதில் ஒன்று.

இன்னைக்கு? 2020-ல் முழுமையாக வெளியான 'ஹேடிஸ்' படபடன்னு அடிச்சு நொறுக்குற ஆக்‌ஷன் கேம். 2024-ல் வந்த 'பலாட்ரோ' சீட்டு விளையாட்டு. பெர்லின் பட்டியலை வைத்து மார்க் போட்டா ரெண்டுமே பெருசா தேறாது. ஆனாலும் ரெண்டையும் ரோக்லைக் என்றுதான் சொல்கிறார்கள். (ரோக்லைட் என்று திருத்துபவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் போனால் விடிஞ்சிடும்!)

அப்போ லேபிள் வேஸ்ட்டா? இல்லைங்க. கேம் எப்படி இருக்கும்னு அது சொல்லாது. தோத்தா என்ன ஆகும்னு சொல்லிடும். அரை மணி நேர உழைப்பு ஒரே அடியில் போனா போனைத் தூக்கி எறியத் தோணுற ஆளா நீங்க? அந்த ஒரு சொல்லே போதும், யோசிச்சு வாங்குங்க. 2011-ல் வந்த 'டார்க் சோல்ஸ்' வழியாகப் பரவிய 'சோல்ஸ்லைக்'கும் இதே ரகம்தான். செத்தா, சேர்த்ததெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போற வழியில மறுபடி செத்தா, அதுவும் போச்சு.

உதவாத லேபிள்னா 'ஆக்‌ஷன் அட்வென்ச்சர்'தான். பாதி கேம்களுக்கு அது பொருந்தும். 'ஆர்.பி.ஜி'யும் கிட்டத்தட்ட அந்த நிலைமைக்கு வந்துடுச்சு. துப்பாக்கி கேம்லயும் லெவல் ஏறுது, கார் கேம்லயும் லெவல் ஏறுதே! இன்னொரு விஷயம், ஸ்டீமில் பிளேயர்களும் டேக் போடலாம். கிண்டலுக்குப் போடுறவங்களும் இருக்காங்க.

அங்கே வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். அதனால முதல் ஒரு மணி நேரத்துலேயே வேணும்னே ரெண்டு தடவை செத்துப் பாருங்க!