ஊர் அறிய ஓர் உரிமம்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியெல்லாம் கடைகள் முளைத்துவிடும். நேந்திரங்காய் சிப்ஸ், ரம்புட்டான், மங்குஸ்தான், துண்டு, எண்ணெய் மசாஜ் என்று ஆவணி வரை ஓடும் இந்த வியாபாரத்துக்குப் பின்னால் மனு, ஏலம், உரிமம் என ஒரு காகிதக் கட்டு உண்டு. அதில் எது ஊருக்குச் சொந்தம், எது மனுப் போட்டவருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கணினி வந்தபிறகு பிறந்ததுபோலப் பேசுகிறோம். அதற்கு வயது நூறுக்கு மேல். பழைய உள்ளாட்சிச் சட்டங்கள் அதற்கு ஓரளவு தெளிவான விடை வைத்திருந்தன. அண்மைக்காலச் சட்டங்கள்தான் அதைத் தலைகீழாக்கிவிட்டன.

1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 249ஆம் பிரிவும் ஐந்தாம் அட்டவணையும்தான் நகராட்சி அலுவலகங்களில் ‘டி அண்ட் ஓ லைசென்ஸ்’ என்று இன்றும் வழங்கும் உரிமத்தின் மூலம். தீப்பிடிக்கும், நாறும், பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தரும் தொழில்களை அனுமதியின்றி ஓர் இடத்தில் நடத்தக் கூடாது என்பதே அதன் சாரம். அது முதலில் கேட்டது இடத்தைப் பற்றி. ஆளைப் பற்றி அல்ல. வரி விதிக்கும் முடிவை மாவட்ட அரசிதழில் வெளியிட்டதோடு தண்டோராவும் போடச் சொன்னது அதே சட்டம். வரி செலுத்துவோர் வரிவிதிப்புப் பதிவேட்டைக் கட்டணமின்றிப் புரட்டிப் பார்க்கலாம். பின்னாளில் குற்றாலம் போன்ற பேரூராட்சிகளும் இதன் கீழ் வந்தன. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 அன்று நடைமுறைக்கு வரும்வரை இதுவே ஆட்சி செய்தது.

அது பொற்காலம் இல்லையே என்பார்கள். இல்லைதான். பதிவேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே இருந்தது. அதே காலத்தில் அதே அரசு, 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு தென்மாவட்டங்களில் கள்ளர், மறவர் உள்ளிட்டோரின் கைரேகையைப் பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்னது. மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது 1947இல். தொழிலைப் பற்றிய பதிவேடு ஊருக்குப் பயன்பட்டது. உடலைப் பற்றிய பதிவேடு ஏழைகளை மடக்கப் பயன்பட்டது. தனிமனிதத் தகவலை அரசு திரட்டும்போது எழும் அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

அந்த அச்சத்தோடு இன்றைய உரிமக் கோப்பைப் பார்க்க வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கெடுப்பு, விற்பனைச் சான்று, அடையாள அட்டை என்று ஆளையே மையமாக்கியது. விரட்டப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு அது பாதுகாப்புத்தான். ஆனால் பஜ்ஜிக் கடைக்காரர் ஒருவரைப் பற்றிய காகிதங்களை அடுக்கிப் பாருங்கள்: புகைப்படம், தந்தை பெயர், செல்பேசி எண், ஆதார் ஜெராக்ஸ், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சமைப்பவரின் மருத்துவச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று. இவற்றுள் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்துச் சுவரில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டச் சட்டம் சொல்வது கடைசிச் சான்று ஒன்றைத்தான். மற்றவை ஒருமுறை சரிபார்ப்பதற்கானவை. சரிபார்த்தபின்னும் அவை அலமாரியில் கிடப்பதற்கு நியாயம் என்ன?

உரிமம் பெற்றவர் பட்டியலை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு 2005 முதல் சொல்கிறது. 1997லேயே இத்தகைய சட்டம் இயற்றி முன்னே நின்றது தமிழ்நாடு. பிறகு வந்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தனிப்பட்ட தகவலையும் பொதுநலன் கருதித் தரலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவில் இருந்த வாசகத்தை அது நீக்கியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் உடனே அமலானது. தரவைக் காக்கும் கடமைகளுக்கோ பதினெட்டு மாத அவகாசம். ஊர் எட்டிப் பார்க்கும் சன்னலை முதலில் சாத்திவிட்டு, அலமாரிக்குப் பூட்டு வாங்குவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

பெயரை வெளியிட்டால் சட்டமீறல் ஆகாதா என்று அதிகாரிகள் தயங்கலாம். 4ஆம் பிரிவின் அந்தக் கடமை நீங்கவில்லை. தீங்கைவிடப் பொதுநலன் மிகுந்தால் தகவல் தரலாம் என்னும் 8(2)ஆம் பிரிவும் இருக்கிறது. ஆதார் இல்லாவிட்டால் பினாமிகள் கடை எடுத்து உள்வாடகைக்கு விடுவார்களே என்பது இன்னொரு வாதம், வலுவானதும்கூட. ஆனால் பினாமியை ஜெராக்ஸ் காட்டிக்கொடுப்பதில்லை. எந்தக் கடை யார் பெயரில், எவ்வளவு தொகைக்குப் போனது என்ற பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருந்தால் பக்கத்துக் கடைக்காரரே காட்டிக்கொடுப்பார். ஆதாரைப் பார்த்துச் சரிபார்த்துத் திருப்பித் தரலாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகல் போதும். பெயர், இடம், தொழில், கட்டணம், காலம் ஆகிய ஐந்தும் ஊருக்கு. மீதி, வேலை முடிந்ததும் மனுதாரருக்கே. இந்தக் கோட்டைக் கிழிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, பேரூராட்சி மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும்.