விமானத் தாமதமும் நட்டஈடும்

பாரிசிலிருந்து வரும் உறவினருக்காகக் கண்டாவளையார் கட்டுநாயக்காவில் விடியுமளவும் காத்திருத்தல் புதிதன்று. தாமதத்தால் விளையும் நட்டத்திற்கு விமானக் கம்பனியே பொறுப்பென 1929 ஆம் ஆண்டின் வார்சோ உடன்படிக்கை விதித்தது. ஆயினும் நட்டத்தை நிரூபித்தல் பிரயாணியின் கடனாயிற்று; தக்க முயற்சி யாவும் செய்தோமெனக் காட்டிக் கம்பனி விடுபடலாயிற்று. 1999 இல் எழுந்த மொன்றியல் உடன்படிக்கையும் அவ்வழியே சென்றது. இலங்கை 2018 இல் அதிற் சேர்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியமோ, அசாதாரண நிகழ்வுகள் நீங்கலாக, பயணம் இரத்தாயின் நட்டத்தை நிரூபியாமலே 250 முதல் 600 யூரோ வரை பெறலாமென 2004 இல் வகுத்தது. 2009 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று மூன்று மணிநேரத் தாமதத்தையும் அதனுள் அடக்கியது. பாரிசில் ஏறுவோர்க்கு எக்கம்பனியின் விமானத்திலும் இவ்வுரிமை உண்டு. கட்டுநாயக்காவில் ஏறுவோர்க்கோ ஐரோப்பியக் கம்பனியாயின் மாத்திரமே. ஏனையோர்க்குப் பழைய நிரூபணச் சுமையே எஞ்சுகின்றது. மொன்றியல் வழக்கிற்கு எல்லை இரண்டாண்டு. ஆதலின் பயணச்சீட்டைப் பேணி வைத்தல் வேண்டும்.