பதினொரு நிமிடப் பயிற்சி

கருவிகள் இன்றி, வீட்டிலேயே, சில நிமிடங்களில் மூச்சிரைக்கச் செய்யும் உடற்பயிற்சி இன்றைய புதுமை அன்று. 1950களில் கனடா விமானப்படை விமானிகளுள் மூன்றில் ஒரு பங்கினர் பறப்பதற்கேற்ற உடல்தகுதி அற்றிருந்தனர். பலர் பணியாற்றிய வடகோடித் தளங்களில் உடற்பயிற்சிக் கூடங்களும் இல்லை.

இதற்கு வழிகாணும் பொறுப்பு பில் ஆர்பன் என்ற அறிஞரிடம் வந்தது. உடல் ஏற்கும் ஆக்சிஜனை அளந்து ஆராய்ந்த அவர், பயிற்சியின் நேரத்தைவிடத் தீவிரமே முக்கியம் என்று முன்பே கண்டிருந்தார். எனவே ஐந்து பயிற்சிகளை வகுத்தார்: குனிந்து நிமிர்தல், மல்லாந்து படுத்து எழுதல், குப்புறப் படுத்துத் தலையையும் கால்களையும் உயர்த்துதல், தண்டால், நின்ற இடத்திலேயே ஓடுதல். முதல் நான்கிற்கும் சேர்த்து 5 நிமிடம். ஓட்டத்திற்கு 6 நிமிடம். இதுவே '5 பி.எக்ஸ்.' திட்டம்.

இதன் உயிர்நாடி படிமுறை. எவராயினும் அடிப்படியில் தொடங்க வேண்டும். வயதிற்குரிய எல்லையைத் தாண்டலாகாது. நேரம் மாறாது, எண்ணிக்கை மெல்ல உயரும். முதல் நாளே உச்சப்படிக்குத் தாவுவோர் மறுநாள் எழுந்திருக்கவே திணறுவர்.

உடல் எடை குறையுமா? 11 நிமிடத்தில் செலவாவது ஏறத்தாழ 100 கலோரி; இரண்டு இட்லிகள் அதை ஈடுசெய்துவிடும். எடைக் குறைப்பில் உணவுக்கே பெரும்பங்கு. இதயமும் தசைகளும் வலுப்பெறுவதே இப்பயிற்சி தரும் உண்மையான ஆதாயம்.