பரண் மேல் இருக்கும் வால்வு ரேடியோ

இன்றைக்கு உரம், பூச்சிமருந்து பற்றிப் பேசப் போவதில்லை. அந்தச் சேதிகளை உங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்த பெட்டியின் கதையைச் சொல்லப் போகிறேன்.

நம் சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியது சர்க்கார் இல்லீங்க, ரேடியோ மேல் ஆசை கொண்டவர்கள். 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை அமைத்தார். அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு ஆரம்பமாச்சு. டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். ஒரு சின்ன பல்பு எரிகிற அளவு. பணமுடையால் 1927-ல் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது. கருவிகளை மாநகராட்சி ஏற்றுக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் நடத்தியது. 1938 ஜூன் 16-ல்தான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

ராயபுரம், திருவொற்றியூர்க் கரையோர மக்களுக்கு வேறொரு பழக்கமும் இருந்தது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் அந்தக் காலத்தில் 'கட்டுக்கட' என்ற மோர்ஸ் ஒலியில் கரையோடு பேசின. சென்னைக் கரை நிலையத்தின் அழைப்புக்குறியாக இருந்தது வி.டபிள்யூ.எம். கப்பல்களின் அபாய அழைப்புக்கு மோர்ஸ் வேண்டியதில்லை என்று உலகம் முழுக்க ஆனது 1999 பிப்ரவரியில். காசிமேட்டு மீனவர்களுக்கோ புயல் எச்சரிக்கை சொன்னது படகிலிருந்த டிரான்சிஸ்டர்.

கரண்ட் வராத கிராமத்தில் என்ன செய்தார்கள்? 90 வோல்ட் உலர் பேட்டரி ஒன்று, இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று. இவற்றில் ஓடும் வால்வு ரேடியோ பஞ்சாயத்தில் இருக்கும். ஊரே சுற்றி உட்காரும். 1960-களில் ஆடுதுறை-27 நெல்லைத் தஞ்சை விவசாயிகள் ரேடியோவில் கேட்டே பயிரிட்டார்கள். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. இது நம்ம கதைதானே!

1947-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த டிரான்சிஸ்டர் நாளடைவில் வால்வை ஒதுக்கியது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடை போட்ட, துறைமுகத்தை அடுத்த பர்மா பஜாரில் வெளிநாட்டு சின்ன செட்டுகள் குவிந்தன. மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று பெருமையாக வாங்கிய மரப்பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின. அங்கே டிரான்ஸ்பார்மரின் செம்புக்குத்தான் விலை. வால்வு உடைந்து போகும். பழைய சாமான் தேடுவோர் நாடிய மூர் மார்க்கெட்டும் 1985 மே 30-ல் எரிந்துபோனது.

இப்போது சிலர் இந்தப் பெட்டிகளைத் தேடி எடுத்துப் பாட வைக்கிறார்கள். உங்கள் பரணிலும் ஒன்று இருக்கலாம். அவசரப்பட்டு பிளக்கைச் செருகாதீங்க. பழைய காகித மின்தேக்கிகள் கசியும்; கசிந்தால் கடைசி வால்வும் டிரான்ஸ்பார்மரும் கருகும். முதலில் அவற்றை மாற்ற வேண்டும். பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். பல்பு பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே 250 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடலாம். அணைத்த பிறகும் மின்தேக்கியில் தங்கும். சில செட்டுகளில் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் இருக்கும். தெரிந்த மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள்.

கடற்கரை வீட்டு செட்டில் இன்னொரு தொல்லை: உப்புக்காற்றில் சட்டம் துருப்பிடிக்கும், மெல்லிய சுருள் கம்பி பச்சை பூத்து அறுந்துவிடும். டயல் கண்ணாடியின் பின்புறத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. ஊர்ப் பெயர்களெல்லாம் துணியோடு வந்துவிடும். மரத்துக்குப் பெயிண்டும் அடிக்காதீங்க.

அந்தக் காலத்தில் ரேடியோவுக்குத் தபாலாபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டினோம். 1980-களில் அது ரத்தானது. அந்தப் புத்தகம் கிடைத்தால் பெட்டியோடு சேர்த்து வையுங்கள். யார் வாங்கினார், எந்த வருஷம் என்பதற்கு அதுதான் சாட்சி. விதைநெல்லை எடைக்குப் போட்டுவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? பழைய பெட்டியும் அப்படித்தான். கிலோ கணக்கில் போடுவதற்கு முன், வீட்டுப் பெரியவரிடம் அதில் என்ன கேட்டார் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதி வையுங்கள்.