அடுப்படித் தெலுங்கு

வேடசந்தூர் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுற குடும்பங்கள் நிறைய. எங்க வீடும் அப்படித்தான். 14ஆம் நூற்றாண்டில் குமார கம்பணன் படையெடுப்பு, அப்புறம் 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி என்று அலையலையாக வந்த மொழி. ஆட்சி 1736ல முடிஞ்சுது. பேச்சு அடுப்படியில் தங்கிருச்சு, எழுத்து தங்கல.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 5.87 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தெலுங்கு. அதை வாசிக்கத் தெரியுமான்னு யாரும் கேட்கல.

நாற்பது வயசுக்கு மேல ‘அ, ஆ’ எழுதுறேன். வேலைக்காக இல்லை, ஹைதராபாத்திலும் எங்க தொழிலுக்கு ஆங்கிலம் போதும். அம்மா தெலுங்கில் கேட்டால் என் மகள் தமிழில்தான் பதில் சொல்றா. என்னோட இது முடிஞ்சிரும்.

சி.பி. பிரவுன் 1852ல வெளியிட்ட தெலுங்கு அகராதியில், எழுத்துக்கூட்டி நான் முதலில் தேடினது அம்மா சோறூட்டும்போது சொல்ற ‘புவ்வ’. இருக்கு.