ஷெஃபீல்டுக்கு ஏன் போனார்கள்?

போன மாதம் எங்கள் டீமில் இருக்கும் பையன் ஒருவன் (27 வயது, என்னை அண்ணா என்பான்) மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இங்கிலாந்தில் இரண்டு வேலை கிடைத்திருக்கிறதாம். ஒன்று லண்டனில், சம்பளம் நன்றாகவே அதிகம். இன்னொன்று ஷெஃபீல்டில், சம்பளம் சுமார். படிப்புக்கு வாங்கின கடன் இன்னும் அடையவில்லை, அதனால் அப்பா லண்டன்தான் என்கிறார். பையனுக்கோ பாறை ஏறுவதென்றால் பைத்தியம். சனி ஞாயிறு ஆனால் ராமநகரத்துப் பாறைகளில்தான் கிடப்பான். "அண்ணா, நீங்க ஷெஃபீல்டுல இருந்தவர்தானே, சொல்லுங்க" என்றான்.

இருந்தவன்தான். 2012இல் ஒரு ப்ராஜெக்டுக்காக எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில்தான் நானே முதல்முறையாகக் கயிறு கட்டிக்கொண்டேன். முப்பது வயது தாண்டி, தொப்பையோடு. "ரெண்டு நாள் டைம் குடுடா" என்று சொல்லி அனுப்பினேன். ரெண்டு நாள் மூன்று வாரமாகி, நோட்ஸ் சேர்ந்து கட்டுரையாகிவிட்டது.

மேப்பை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். ஷெஃபீல்டு நகரத்திலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் ஸ்டேனேஜ். யாரோ மதில் கட்டிவிட்டுப் பாதியில் போன மாதிரி, ஐந்தாறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை விளிம்பு. உயரம் பெரிதில்லை, பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர்தான். ஆனால் ஏறுவழிகள் ஆயிரத்துக்கு மேல். சுற்றுவட்டாரத்திலேயே பர்பேஜ், மில்ஸ்டோன், ஃப்ராகட், கர்பர். கொஞ்சம் தெற்கே போனால் சுண்ணாம்புப் பாறைகள். லண்டன்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஹாரிசன்ஸ் ராக்ஸ் போன்ற சின்ன மணற்பாறைகள். கல் மிருதுவாக இருப்பதால் மேலிருந்து கயிறு போட்டுத்தான் ஏற வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஸ்டேனேஜ் அங்கேயே இருப்பது சுமார் 32 கோடி வருடங்களாக. மான்செஸ்டரும் இதே மலைப்பகுதியை ஒட்டியிருக்கும் ஊர்தான், மறுபக்கத்தில். 1950களில் பாறையேற்றத்தின் தலைநகரம் என்று ஏதாவது ஊரைச் சொல்வதானால் மான்செஸ்டரைத்தான் சொல்ல வேண்டும். ஜோ பிரவுன் அங்கே பிளம்பர். டான் வில்லன்ஸ் பக்கத்து சால்ஃபர்டு. 1955இல் காஞ்சன்ஜங்கா உச்சிக்கு முதலில் போன இருவரில் ஒருவர் இந்த ஜோ பிரவுன். அவர்கள் யாரும் பாறைக்காக ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிறந்த ஊரில் வேலை செய்தார்கள், சனிக்கிழமை வந்தால் பாறைக்குப் போனார்கள், அவ்வளவுதான். பாறை ஏறுவதற்காகவே ஒரு நகரத்துக்குக் குடிபெயர்வது 1980களில்தான் ஓர் அலையாக ஆனது. அப்போது ஏன் எல்லோரும் ஷெஃபீல்டுக்குப் போனார்கள்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஷெஃபீல்டு என்றால் கத்தி. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்குக்கூட அந்த ஊரோடு சம்பந்தம் உண்டு. 1913இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியது அங்கேதான். கத்தி செய்யும் ஊருக்குச் சாணைக்கல் வேண்டும், அதற்குச் சுற்றிலும் சொரசொரப்பான மணற்பாறை இருந்தது. இன்றைக்கு ஏறுபவன் காலணியை வழுக்காமல் பிடித்துக்கொள்வது எந்தச் சொரசொரப்போ, அதே வகைச் சொரசொரப்புதான் கத்தியையும் தீட்டியது. தீட்டுபவர்களின் நுரையீரலையும் தின்றது. உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியவர்கள் முப்பதுகளைத் தாண்டுவதே அபூர்வம் என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டேனேஜ் அடிவாரத்தில் இப்போதும் மாவரைக்கும் பெரிய வட்டக் கற்கள் செய்து முடித்தபடியே புல்லில் கிடக்கின்றன. வெள்ளை மாவுக்கு மவுசு வந்ததும், மாவைச் சாம்பல் நிறமாக்கும் இந்தக் கல்லை வாங்க ஆளில்லாமல் போனது. நான் முதல் நாள் டிபன் பாக்ஸைத் திறந்தது அப்படி ஒரு கல்மேல் உட்கார்ந்துதான்.

இந்தக் கல்லில் விளையாட்டுக்காக ஏறலாம் என்று கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர் ஷெஃபீல்டுக்காரரான ஜே. டபிள்யூ. புட்ரெல். 1880களின் நடுவில் ஊருக்கு வடக்கே வார்ன்கிளிஃப் பாறைகளில் ஆரம்பித்தார். 1894இல் டோட்லி சுரங்கம் வழியாக (ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் நீளம்!) ஹாதர்சேஜுக்குப் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. ஸ்டேனேஜ் நடந்து போகும் தூரத்துக்கு வந்தது.

வந்தும் பிரயோஜனம் குறைவு. மேலே இருந்த புதர்க்காடெல்லாம் ஜமீன் நிலம். வருடத்தில் சில நாட்கள் பிரபுக்கள் க்ரவுஸ் பறவை சுட வருவதற்காக, மீதி நாட்கள் காவலாளிகள் ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஷெஃபீல்டில் 1900இலேயே ஜி. எச். பி. வார்டு தொழிலாளர்களுக்காக ஒரு நடைப்பயணச் சங்கம் ஆரம்பித்தார். 1927இல் ஒரு பிரபுவின் லாங்ஷா எஸ்டேட் விற்பனைக்கு வந்தபோது, எதல் என்ற இளம் விதவை முன்னின்று ஊரில் பணம் திரட்டி அதை வாங்க வைத்தார். பிற்பாடு ஹேதார்ன்த்வெய்ட் என்று பெயர் பெற்றவர் இவர்தான். 24 ஏப்ரல் 1932 அன்று கிண்டர் ஸ்கௌட் மலையில் நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக இந்தப் பகுதி அறிவிக்கப்பட்டது. 1971இல் ஸ்டேனேஜ் அடங்கிய எஸ்டேட்டைப் பூங்கா நிர்வாகமே வாங்கியது.

ஆக, பாறை ரெடி, வழியும் ரெடி. இனி வேண்டியது ஒன்றுதான்: வேலை நாளில் ஓய்வு. அதைக் கொடுத்தது ஷெஃபீல்டின் வீழ்ச்சி.

1980 தொடக்கத்தில் மூன்று மாத எஃகு வேலைநிறுத்தம். அடுத்த சில வருடங்களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. நூற்றாண்டு கண்ட ஹாட்ஃபீல்ட்ஸ் ஆலை 1983இல் மூடியது. அதன் இடத்தில்தான் 1990இல் மெடோஹால் ஷாப்பிங் மால் வந்தது. (மாலுக்குள் காபி குடித்தபோது எனக்கு இது தெரியாது.) 1982 ஜனவரியில் நாடு முழுக்க வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பேருக்கு அரசாங்கத்தால் வேலை தேடித்தர முடியாது. அதனால் டோல் என்ற உதவித்தொகை அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் கையெழுத்துப் போட்டால் போதும், பெரிதாகக் கேள்வி கேட்க மாட்டார்கள். வாடகைக்கும் உதவி கிடைக்கும். தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் நாலைந்து பேர் சேர்ந்தால் வாடகை கைக்கு அடக்கம். அதோடு தெற்கு யார்க்‌ஷயர் கவுன்சில் 1975இலிருந்தே பஸ் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருந்தது. சில பென்னியில் நகரின் மேற்கு விளிம்புக்குப் போய்விட்டு, மிச்ச தூரத்தை நடந்தோ லிஃப்ட் கேட்டோ கடந்துவிடலாம்.

இந்தக் கணக்குதான் இளைஞர்களை இழுத்தது. லெஸ்டர் பக்கமிருந்து வந்த ஜெர்ரி மொஃபட், அதற்கு முன்னால் ஸ்டோனி மிடில்டன் கிராமத்தில் ஒரு விறகுக் கொட்டகையில் படுத்துக்கொண்டு ஏறியவர். லண்டன் பக்கமிருந்து பென் மூன். வேல்ஸிலிருந்து ஆண்டி பாலிட். அப்புறம் ஜானி டாஸ், சமநிலையாலும் தைரியத்தாலுமே ஏறுகிற மாதிரித் தெரியும் ஓர் ஆள். தினமும் ஏறினார்கள். மழை பெய்தால் பாதாள அறையில் மரப்பலகை அடித்துத் தொங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏறுபவன் ஒரு வருடத்தில் செய்வதை இரண்டு மாதத்தில் செய்தார்கள். 1990இல் ரேவன் டார் சுண்ணாம்புப் பாறையில் பென் மூன் 'ஹபிள்' வழியை ஏறியபோது, அதுவே உலகின் மிகக் கடினமான ஏறுவழி என்று பேசப்பட்டது. இன்றும் பலர் அதை 9ஏ என்கிறார்கள்.

இங்கே எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அதே கையெழுத்து வரிசையில் ஐம்பது வயது உருக்காலைக்காரரும் நின்றார். அவர் வேலை பறிபோய் நின்றார், பக்கத்தில் இருந்த பையன் வேலைக்குப் போகாமல் இருக்க நின்றான். க்ளைம்பிங் புத்தகங்கள் இந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதும்போது அந்த உருக்காலைக்காரர் கண்ணில் படுவதேயில்லை. பையன்களை நான் குற்றம் சொல்லவில்லை. வெறும் டோல் பணத்தில் பீன்ஸ் டப்பாவும் ரொட்டியும் தின்று ஒரு துறையையே மாற்றினார்கள். ஆனாலும் "பாறை பக்கத்தில் இருந்தது, அதனால் போனார்கள்" என்பது பாதிக் கதைதான். பக்கத்து நாடான வேல்ஸில் லான்பெரிஸ் கிராமத்திலும் இதேதான் நடந்தது. அங்கே டினோர்விக் ஸ்லேட் குவாரி 1969இல் மூடியது. எண்பதுகளில் அந்தக் குவாரிச் சுவர்களிலேயே ஏறினார்கள்.

அப்புறம் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. மலிவு பஸ் 1986இல் போயாச்சு. 1996இல் உதவித்தொகை விதிகள் இறுகி, வேலை தேடுகிறேன் என்று நிரூபித்தால்தான் பணம் என்றானது. ஆனால் அதற்குள் ஆட்கள் வேரூன்றிவிட்டார்கள். 1991இல் ஒரு பழைய தொழிற்பேட்டைப் பகுதியில் செயற்கைச் சுவரோடு ஒரு மையம் திறந்தது. பெயர் 'தி ஃபவுண்டரி'. (கோயம்புத்தூர்க்காரனான எனக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஃபவுண்டரிக்குப் போகிறவன் கையில் சுண்ணாம்புத்தூள் இருக்காது, கரிதான் இருக்கும்.) ஒரு பழைய பள்ளிக்கூட அறையில் பென் மூன் குழுவினர் பயிற்சி செய்த சாய்வுப் பலகைதான் இன்று பெங்களூர் ஜிம்களிலும் பேசப்படும் மூன்போர்டுக்கு மூலம். நகராட்சியே இப்போது 'அவுட்டோர் சிட்டி' என்று தன்னை விளம்பரம் செய்துகொள்கிறது.

பையனுக்கு வருவோம். டோல் காலம் போய்விட்டது, அவனுக்கு விசாவே வேலையை நம்பித்தான். அதனால் அவன் பார்க்க வேண்டியது சாயங்காலத்தை. ஜூனில் ஷெஃபீல்டில் ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும். ஐந்தரைக்கு ஆபீஸை விட்டால் ஆறேகாலுக்குப் பாறையில் இருக்கலாம், வாரத்தில் மூன்று நாள். லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், அதுவும் சனிக்கிழமை, அதுவும் மழை இல்லாவிட்டால். டிசம்பரில் ஷெஃபீல்டிலும் நாலு மணிக்கு இருட்டிவிடும், அப்போது செயற்கைச் சுவர்தான். ஆனால் குளிர்ந்து காய்ந்த ஒரு ஜனவரி ஞாயிறு கிடைத்தால் அந்தக் கல் பிடிக்கும் பிடி இருக்கிறதே! வாடகை வித்தியாசத்தையும் போட்டுக் காட்டினேன். சம்பள வித்தியாசத்தில் பெரும்பகுதியை லண்டன் வாடகை விழுங்கிவிடுகிறது. முழுசாக இல்லை, பெரும்பகுதியை. அதை மறைக்காமல் சொன்னேன்.

நேற்று ராத்திரி மெசேஜ் அனுப்பியிருந்தான். ஷெஃபீல்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டானாம். கடனை மூன்று வருடத்தில் அடைப்பதற்கான எக்ஸெல் ஷீட்டை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.